கீரைப் பாத்திக்குப் போன கசடு

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, கழிவுநீர்ப் பகுதியின் சூப்பர்வைசர் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "ஷூ எங்க?" என்பதுதான்.

நான் போட்டிருந்தது சாதாரண ஆபீஸ் செருப்பு. பாதுகாப்புக் காலணி போட்டு வரவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

"இங்க காஸ்டிக் தரையில ஓடும். கால் வெந்துபோனா என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார். பிறகு கம்பிக் கதவை என் முகத்துக்கு நேரே சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். வெளியே தூறல். ஸ்டோரிலிருந்து யாரோ ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்து வரும்வரை நான் நனைந்துகொண்டு நின்றேன். காலணி விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். கதவைச் சாத்தியதற்கு என்ன நியாயம் என்று நானும் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அது ஒட்டுப்பலகைக்குப் பசை தயாரிக்கும் தொழிற்சாலை. அந்தப் பசைக்கு ஃபீனால் தேவை. ஆஸ்பத்திரித் தரை கழுவும் மருந்தின் வாடை அடிக்கும் பொருள் அது. தோலில் பட்டால் முதலில் மரத்துப்போகும். வெந்துவிட்டது என்பது பிறகுதான் தெரியும். கலன்களைக் கழுவிவிடும்போது ஃபீனால் தண்ணீரோடு சேர்ந்து வெளியே வரும். அந்தத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விட முடியாது. நுண்ணுயிர்கள் வளரும் பெரிய தொட்டிகளில் விட்டு, அவை தின்று தீர்த்த பிறகுதான் விடவேண்டும். அந்த நுண்ணுயிர்களைச் சூப்பர்வைசர் 'பூச்சி' என்பார். தினமும் காலையில் தொட்டியோரம் நின்று நுரையின் நிறத்தைப் பார்த்து, "பூச்சிக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல" என்று யாரிடமாவது சொல்வார். ஃபீனால் அளவு மீறி வந்த நாட்களில் பூச்சிகள் மொத்தமாகச் செத்து, தொட்டி அழுகிய முட்டைபோல நாறும். அப்படி அடிக்கடி நடந்ததால்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

நான் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் வளர்ந்தவள். என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஆண்கள் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். ஞாயிறு காலை மெதடிஸ்ட் கோயில், மற்ற நாளெல்லாம் புத்தகம் என்று வளர்ந்தவள் நான். பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ந்தது செடிகொடிகளில் இருக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதியை. முள்ளங்கியில் அது இருக்கிறது, பாகற்காயில் இருக்கிறது, சோயாவின் மேல்தோலில் ஏராளமாக இருக்கிறது. அந்த நொதியைக் கழிவுநீரில் கலந்து, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால், தண்ணீரில் கரைந்து கிடக்கும் ஃபீனால் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, கரைய முடியாத பழுப்புத் தூளாக அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் பூச்சித் தொட்டிக்கு அனுப்பினால் பூச்சிகள் பிழைத்துக்கொள்ளும்.

இதை நேர்முகத் தேர்வில் விளக்கியபோது மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும், ஷா ஆலமிலிருந்து வருகிறவர், நம் தமிழ் ஆள்தான். யாரைப் பார்த்தாலும் 'பாஸ்' என்பார், பெண்களாக இருந்தால் 'சிஸ்டர்'. "சோயாத் தோல் வெச்சு விஷத்த எடுக்கிறோம்னு சொன்னா வெளிநாட்டு கஸ்டமர் எப்படிப் பார்ப்பான் தெரியுமா சிஸ்டர்? இதுதான் நமக்கு வேணும் லா" என்றார். அதே வாரம் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "அவங்க செட் ஆனதும் உங்க ஏரியாவ அவங்களே பார்த்துக்குவாங்க" என்றும் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் சூப்பர்வைசர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. அதற்குள் அவர் எனக்குச் செய்திருந்தது அவ்வளவு.

சோயாத் தோலுக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. மேருவைச் சுற்றியுள்ள கம்பங்களில், அந்த மலாய்க் கிராமங்களில், ஜாவா வம்சத்துக்காரர்கள் சோயாவைப் புளிக்கவைத்துத் தெம்பே போடுகிறார்கள். தெம்பேக்குத் தோல் நீக்கிய சோயாதான் வேண்டும். ஒரு வீட்டின் பின்கட்டில் வயதான மலாய் அம்மா, மக்சிக் ஒருவர், பெரிய அண்டாக்களில் சோயாவை ஊறவைத்துக் கையால் பிசைந்துகொண்டிருந்தார். தோல் வேண்டும் என்றதும், "ஆட்டுக்கா?" என்று கேட்டார். தொழிற்சாலைக்கு என்றேன். சிரித்துவிட்டு, அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். வேகவைத்த பிறகு எடுத்த தோல் எனக்கு ஆகாது, கொதியில் நொதி செத்துவிடும் என்று என் அரைகுறை மலாயில் விளக்கினேன். வேகவைப்பதற்கு முன்பே கொஞ்சம் எடுத்துத் தனியாக வைக்கத் தொடங்கினார். அந்தத் தொழிற்சாலை சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் என்னிடம் ஒழுங்காக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அவரோ தொழிற்சாலையைப் பார்த்ததுகூட இல்லை.

உள்ளே வந்தால் யுத்தம். நான் ஊறப்போட்ட தோல் வாளிகளை, நாற்றம் அடிக்கிறது என்று சூப்பர்வைசர் வெயிலில் தூக்கி வைத்தார். வெயிலில் இருந்ததால் உண்மையிலேயே நாறியது. உடனே மேனேஜரை அழைத்துவந்து, "பாருங்க பாஸ், டாக்டரம்மா சமையல்" என்று காட்டினார். நான் வருவதைப் பார்த்தால் பணியாளர்களிடம் சத்தமாக, "பருப்புத் தோல ஊறவெச்சு ஃபீனால எடுக்கப் போறாங்களாம். நாளைக்கு ரசம் வெச்சு காஸ்டிக் எடுப்பாங்க" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். தொடக்கத்தில் நான் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. பேச வேண்டியதை அவர் பக்கமாகத் திரும்பி நின்று பேசினேன்.

பெரிய சண்டை பெராக்சைடில் வந்தது. பெராக்சைடு மெதுவாகத்தான் இறங்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் நொதியே அழிந்துவிடும், ஃபீனால் அப்படியே நிற்கும். இதை நான் அவருக்கு வாயால் சொல்லி, குழாயைத் திறந்து செய்தும் காட்டியிருந்தேன். ஒரு நாள் பல் வலிக்காக அரை நாள் விடுப்பில் போய்விட்டு மறுநாள் வந்தேன். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து, ஃபீனால் இருந்தால் சிவக்கும் மருந்தை விட்டேன். ரத்தம்போலச் சிவந்தது. பெராக்சைடு கேன் காலியாக ஓரத்தில் கிடந்தது.

"யார் ஊத்தினது?"

"நான்தான்" என்றார். "நீங்க ஊத்தச் சொன்னீங்க, ஊத்தினேன்."

"சொட்டுச் சொட்டாத்தானே விடச் சொன்னேன்."

"எனக்கு வேற வேல இல்லையா மேடம்? உங்க குழாய் பக்கத்துலயே உக்காந்து சொட்டு எண்ணவா? இத்தன வருஷமா இந்தத் தொட்டிய நான் பார்க்கிறேன். நேத்து வந்துட்டு எனக்கு தண்ணி ஊத்தக் கத்துக்கொடுக்கிறீங்க."

"இத்தன வருஷமா பார்த்துதானே மாசத்துக்கு ஒரு தடவ பூச்சியெல்லாம் சாகுது" என்றேன்.

சுற்றி நின்ற யாரும் அந்தத் தடவை சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்தது. கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டார். எறியவில்லை, போட்டார். ஆனால் அது என் பூட்ஸுக்கு மிக அருகில் விழுந்தது. நான் நகரவில்லை. மறுநாள் பெராக்சைடு அறைக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினேன். அதற்கு அடுத்த நாள் தொட்டிக்குப் போகும் ஏணியின் கதவுக்கு அவர் ஒரு பூட்டு மாட்டினார். பசைத் தொழிற்சாலைக்குள் இரண்டு பேர் பூட்டு மாட்டிக்கொண்டு அலைந்தோம். என் பூட்டைத் திறக்க அவரும் அவர் பூட்டைத் திறக்க நானும் ஒருவரையொருவர் ஆள் விட்டுக் கூப்பிடுவோம்.

இதையெல்லாம் மீறி அது வேலை செய்தது. சொட்டும் பம்பு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். மனிதக் கை படாமல் பெராக்சைடு இறங்கத் தொடங்கியதும், தண்ணீர் மெல்லத் தேநீர் நிறமாகி, கலங்கி, பிறகு பழுப்புத் தூள் திரண்டு அடியில் படிந்தது. மேல் தண்ணீரை எடுத்து மருந்து விட்டேன். இளஞ்சிவப்புகூட வரவில்லை. இன்னொரு குழாயில் எடுத்தேன். அதிலும் இல்லை. சோதனை மேசையில் நான் தனியாக இருந்தேன். எனக்குத் தோன்றியது சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு போய் அந்த மனிதரின் மூக்குக்கு நேரே நீட்டவேண்டும் என்றுதான் தோன்றியது. நீட்டவும் செய்தேன். அவர் பார்த்தார். "பூச்சி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்.

பூச்சிகள் பிழைத்துக்கொண்டன. அவர் அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மேனேஜர் சோயாவை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துக் காட்டினார். தொட்டிக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசரும் நிற்கவேண்டும் என்று மேனேஜர் கூப்பிட, அவர் பம்பைப் பார்க்கவேண்டும் என்று போய்விட்டார். பம்பு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் கசடுப் பிரச்சினை தொடங்கியது. அடியில் படியும் பழுப்புத் தூளை வடிகட்டி, பிழிந்து, சாக்கில் கட்டிவைத்தோம். அது ஃபீனாலிலிருந்து வந்தது. அதை அனுமதி பெற்ற லோரி வந்து, ஆபத்தான கழிவு என்று எடுத்துக்கொண்டு போகவேண்டும். நான் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். தண்ணீர் சுத்தமாகச் சுத்தமாகச் சாக்குகள் பெருகின. கொட்டகை நிறைந்தது. லோரி வரவில்லை. மேனேஜரிடம் கேட்டால், "வரும் சிஸ்டர், வரும்" என்பார். நான் கொஞ்சம் கசடை எடுத்து நல்ல தண்ணீரில் குலுக்கி வடித்து மருந்து விட்டுப் பார்த்தேன். சிவந்தது. அவசரமாகப் பிழிந்ததில் பிணையாத ஃபீனால் ஈரத்தோடு உள்ளேயே தங்கியிருந்தது. அந்தக் குழாயைக் கொண்டுபோய் மேனேஜரின் மேசையில் வைத்தேன்.

"இது சோயாவுல இருந்து வந்ததுதானே?" என்றார். "நேச்சுரல் லா. ஏன் இவ்வளவு டென்ஷன்?"

"சோயாவுல இருந்து வந்தது நொதி. இந்தக் கசடு ஃபீனால்ல இருந்து வந்தது. தண்ணியில இருந்ததைத்தான் இதுல ஏத்தியிருக்கோம். அது எங்கயும் போயிடல."

"ஓகே ஓகே. நான் பார்த்துக்கிறேன் சிஸ்டர்."

ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தபோது கொட்டகையில் பாதிச் சாக்குகளைக் காணோம். லோரிதான் வந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் நம்பினேன். பிறகு பார்த்தால், அனுமதி லோரிக்காக நான் ஒட்டிவைத்திருந்த எச்சரிக்கைச் சீட்டுகளை யாரோ கிழித்துச் சுருட்டி மூலையில் போட்டிருந்தார்கள். என் சந்தேகம் நேராகச் சூப்பர்வைசர் மேல்தான் போனது. கொட்டகைச் சாவி அவரிடம்தான் இருந்தது. என்னைக் கவிழ்க்க இதைவிட நல்ல வழி அவருக்கு இல்லை. பணியாளர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இடத்துக்கே போனேன்.

"சாக்க எங்க கொட்டினீங்க?"

"எந்தச் சாக்கு?"

"நடிக்காதீங்க. என் மேல இருக்கிற கோவத்துக்கு எவன் வாய்க்கால்லயோ விஷத்தக் கொட்டுவீங்களா? நீங்க எல்லாம் மனுஷனா?"

அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "நாக்க அடக்கிப் பேசுங்க மேடம்" என்றார். குரல் உயரவில்லை. "சாவி வெள்ளிக்கிழம உங்க மேனேஜர் வாங்கிட்டுப் போனாரு. அவர்கிட்ட போய்க் கத்துங்க."

பக்கத்தில் நின்ற லோரி ஓட்டுநர் தரையைப் பார்த்தான். அவனைப் பிடித்துக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். சனிக்கிழமை மேனேஜர் சொல்லி, சாக்குகளைத் தொழிற்சாலைக்குப் பின்னால், உயர் மின்கம்பிகளுக்குக் கீழே கீரை போடும் அம்மாவின் தோட்டத்தில் இறக்கியிருக்கிறான். சோயா எரு, இலவசம் என்று சொல்லச் சொன்னாராம்.

நான் மேனேஜரைத் தேடவில்லை. காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

மின்கோபுரங்களுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் நிலம் அது. தண்டுக்கீரை, கங்கோங் கீரை, வெண்டை என்று பாத்தி பாத்தியாக இருந்தது. கீரைக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சாக்குகள் வேலியோரம் அடுக்கியிருந்தன. சில காலியாகிவிட்டன. ஒரு பாத்தியில் பழுப்பு நிறத்தில் பரப்பியிருந்தது தெரிந்தது. அதில் நின்ற இளங்கீரையின் ஓரங்கள் கருகித் தொங்கின.

நான் யார் என்று சொன்னேன். அது எரு அல்ல, உடனே எடுத்தாக வேண்டும் என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "நீங்களா கொண்டாந்து போட்டீங்க. எருன்னு சொன்னீங்க. நானா வந்து உங்க கேட்ல நின்னு கேட்டேன்?"

"நான் சொல்லலம்மா. மேனேஜர்..."

"எனக்கு மேனேஜரும் ஒண்ணு, நீயும் ஒண்ணு. எல்லாம் அந்தச் செவுத்துக்கு உள்ள இருந்து வர்ற ஆளுதான். வெயில்ல கருகுதுன்னு நெனச்சு ரெண்டு நாளா தண்ணியாத் தூக்கி ஊத்துறேன். என் முதுகு ஒடஞ்சு போச்சு."

தண்ணீர் ஊற்றியது இன்னும் மோசம், உள்ளே இருப்பது மண்ணுக்குள் இறங்கியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "கையில பட்டுச்சா?" என்று மட்டும் கேட்டேன்.

உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினார். விரல் நுனிகளில் தோல் வெளுத்து உரிந்திருந்தது. "இதுவும் எருதானா?" என்றார்.

அப்போது தொழிற்சாலை லோரி வந்து நின்றது. ஓட்டி வந்தது சூப்பர்வைசர். பின்னால் மண்வெட்டிகள், காலித் தொட்டிகள், ரப்பர் கையுறைகள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தது. நானும் அவரை எதிர்பார்க்கவில்லை.

"இவரு யாரு, இன்னொரு மேனேஜரா?" என்றார் அந்த அம்மா.

"அக்கா, சாக்கையெல்லாம் திருப்பி எடுக்க வந்திருக்கேன். மண்ணையும் கொஞ்சம் எடுக்கணும்."

"மண்ண எடுத்தா என் பாத்தி?"

சூப்பர்வைசர் கையுறை ஒரு ஜோடியை என் பக்கமாக வீசினார். "வேல செய்யத்தானே வந்தீங்க?"

"உங்களுக்கு யார் சொன்னது இங்க வரச்சொல்லி?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. கழிவுக்குப் பொறுப்புன்னு என் பேருலதான் இருக்கு. நாளைக்கு யாராச்சும் செத்தா என்னத்தான் பிடிப்பான், உங்கள இல்ல."

அது பயமா, மனசாட்சியா என்று எனக்குத் தெரியாது. அவரே சொன்னதற்கு மேல் நல்லவிதமாக அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வெட்டத் தொடங்கினோம். நான் ஆழமாக வெட்டவேண்டும் என்றேன். அவர் மேல்மண் போதும் என்றார். "போதாது" என்றேன். "நீங்க வெட்டுங்க அப்ப" என்றார். நான் வெட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. நனைந்தால் இன்னும் கீழே இறங்கும் என்று வேகமாக அள்ளிக் கொட்டினோம். அவர் மண்வெட்டி என் மண்வெட்டியில் இடிக்கும்போதெல்லாம் இருவரும் கோபமாக நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தோம்.

அந்த அம்மா சிறிது நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விடுவிடுவென்று வந்து, கருகிய பாத்தியின் கீரையை வேரோடு பிடுங்கத் தொடங்கினார். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். கேட்கவில்லை. பிடுங்கிய கீரையைக் கத்தை கத்தையாக எங்கள் மேல் வீசினார். சேறும் வேருமாக என் கழுத்தில் வந்து விழுந்தது. சூப்பர்வைசரின் முதுகில் விழுந்தது. "சாப்பிடுங்க" என்றார். "கொண்டுபோய் உங்க வீட்டுல ஆக்கித் தின்னுங்க." நாங்கள் இருவரும் அதையும் பொறுக்கித் தொட்டியில் போட்டோம்.

தொழிற்சாலைக்குத் திரும்பியதும் சூப்பர்வைசர் லோரியைக் கொட்டகைக்கு ஓட்டவில்லை. ஆபீஸ் வாசலுக்கு ஓட்டினார். நான் பின்னால் காரில் வந்தேன். மேனேஜர் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது, சேறு சொட்டும் சாக்குகளைச் சூப்பர்வைசர் ஒவ்வொன்றாக வாசற்படியில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"பாஸ், என்ன இது?" மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சேறு அவர் காலணியில் தெறித்ததும் சிரிப்பு நின்றது. "இங்க ஏன் போடுறீங்க? எடுங்க."

"நேச்சுரல்தானே" என்றேன் நான். "வாசல்ல செடி வெச்சிருக்கீங்களே. அதுக்குப் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார். "ஓ. ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்களா?"

"இல்ல" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல" என்றேன் நானும்.

மேனேஜர் கதவைத் திறந்து என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. சிஸ்டர் என்றும் சொல்லவில்லை. கம்பெனி விஷயத்தை வெளியே கொண்டுபோகும் ஆட்களுக்கு இந்தத் தொழிலில் எங்கேயும் வேலை கிடைக்காது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா மின்கம்பி நிலத்தில் அனுமதி இல்லாமல் பயிர் செய்கிறவர், அவர் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். நான் சேற்றுக் கையுறைகளைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றே என் பொருட்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் நின்றபோது கைகள் எரியத் தொடங்கின. கையுறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேரும்வரை ஒரு கையை ஏசிக் காற்றில் காட்டிக்கொண்டே ஓட்டினேன்.

அந்த வாரமே ஷா ஆலமில் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். பிறகொரு நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நடைவழி நாற்காலியில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். அவரும் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறார் என்று அங்கேதான் தெரிந்தது. நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தேன்.

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்க பெராக்சைடு மிச்சம் மீதி வந்து என் பூச்சி ரெண்டு தடவ செத்துச்சு. அதையும் உள்ள சொல்லப் போறேன்."

"அது என் பெராக்சைடால சாகல. ராத்திரி ஷிப்ட்ல நீங்க தொட்டிக்குக் காத்து விடுற மெஷின நிறுத்தினதால செத்துச்சு. அதை நான் சொல்லப் போறேன்."

"சொல்லுங்க."

"சொல்றேன்."

இருவரும் சொன்னோம். அதிகாரி எழுதிக்கொண்டார்.

தொழிற்சாலைக்கு ஆட்கள் வந்து மாதிரி எடுத்தார்கள். கசடு முழுவதையும் அனுமதி பெற்ற லோரிகள் ஏற்றிக்கொண்டு போயின. நொதி கலக்கும் என் தொட்டியை மூடச் சொல்லிவிட்டார்கள். அதில் தவறு எதுவும் இல்லை, கசடைக் கையாண்டதில்தான் தவறு என்று நான் எழுதிக் கொடுத்தேன். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மேனேஜர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனார். இப்போது அங்கே பசைக்குப் பதில் பெயிண்ட்டின் பெருமை பேசுகிறார் என்று கேள்வி. சூப்பர்வைசர் அதே இடத்தில் அதே பூச்சிகளோடு இருந்தார். நான் சுங்கை வேயில் ஒரு சிறிய தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கே நான் செய்வது சோதனை மட்டும்தான். சுத்தப்படுத்துவது என் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

கீரைக்காரம்மாவுக்கு நடந்ததுதான் கொடுமை. மண் சோதனை என்று ஆட்கள் வந்துபோன பிறகு, அங்கே ஒரு தோட்டம் இருப்பதே நிலத்துக்குரியவர்கள் கண்ணில் பட்டது. வேலி போட்டுவிட்டார்கள். கருகிய பாத்தி மட்டுமல்ல, நன்றாக இருந்த வெண்டையும் கங்கோங்கும் உள்ளே மாட்டிக்கொண்டன. எனக்கு யாரோ சொல்லித் தெரிந்ததும் அவர் வீட்டைத் தேடிப் போனேன். கதவை முழுதாகத் திறக்கவில்லை. கம்பிக்குள்ளிருந்து பார்த்தார்.

"இப்ப உனக்கு நிம்மதியா?" என்றார்.

"நீங்களும் விஷத்தச் சாப்பிடக்கூடாதுன்னுதாம்மா..."

"நான் விஷத்தச் சாப்பிட்டேனோ இல்லையோ, என் சோத்துல நீ மண்ணப் போட்டுட்ட. அந்த மேனேஜர் குடுத்தான், நீ எடுத்த. எனக்கு எதுவும் மிச்சம் இல்ல. போ."

உங்களைக் காட்டிக்கொடுக்க நான் போகவில்லை என்று சொல்லலாம். அந்த மண்ணில் விளைந்ததைப் பாசாரில் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்று கேட்கலாம். இரண்டையும் சொல்லவில்லை. திரும்பிவந்து காரில் உட்கார்ந்தபோது, மேனேஜர் மேல், சூப்பர்வைசர் மேல், வேலி போட்டவர்கள் மேல், என்னைப் போகச் சொன்ன அந்த அம்மா மேலேயும் கோபமாக வந்தது. மறுபடி அந்தச் சாக்குகளைப் பார்த்தாலும் நான் இதையேதான் செய்வேன். அதனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

போன வருடக் கடைசியில், கூட வேலை செய்யும் பெண்ணின் கல்யாணத்துக்குக் கிள்ளானில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். சூப்பர்வைசர். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் திரும்பிவிட்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்துவிட்டு, "யாருங்க?" என்று அவரைக் கேட்டார்.

"கம்பெனியில இருந்துச்சு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தாமலே. "சரியான சண்டக்காரி."

அந்த அம்மாள் சங்கடப்பட்டு, "வாங்கம்மா, எங்க டேபிள்ல எடம் இருக்கு" என்றார்.

"பரவாயில்லக்கா. அவரோட உக்காந்தா எனக்குச் சோறு எறங்காது" என்றேன். அவர் தோள் ஒரு தடவை அசைந்தது. சிரிப்பா, எரிச்சலா என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. நான் சோறும் கோழியும் போட்டுக்கொண்டு, மண்டபத்தின் மறுகோடியில் மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசைக்குப் போனேன்.